புதுசு என்பதால்தான் சோதிக்க வேண்டும்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. புதுக் கணினியின் டாஸ்க் மேனேஜர் திரையைப் படம் பிடித்து, ஒரு எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். அடுத்த நிமிடம் போனும் அடித்தது.

"மாமா, கடையில நல்லா ஏமாத்திட்டாங்க. ரேம் பெட்டியில 6000னு போட்டிருக்கு. உள்ள 4800தான் காட்டுது. போய்க் கேட்கட்டுமா?"

"இப்ப போகாதப்பா. நான் வர்றேன்."

புந்தோங்கில் அக்கா வீடு. பையன் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். வார இறுதியில் கல்யாண வீடியோ, கோயில் திருவிழா வீடியோ எடிட் செய்து கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறான். ஓர் ஆண்டு பணம் சேர்த்து, பாகம் பாகமாக வாங்கி, கூடத்தில் நாளிதழை விரித்துப் போட்டு அவனே பூட்டிய மேசைக் கணினி அது. ரைசன் 5 7600 பிராசசர், 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு. ரேம் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில் வாங்கியது என்பதால் அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது.

ஆனால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. புதுக் கணினி பூட்டும் பலருக்கும் முதல் நாளில் வரும் சந்தேகம்தான் இது.

பெட்டியில் ஒன்று, திரையில் ஒன்று

எந்த ரேமும் முதலில் பாதுகாப்பான வேகத்தில்தான் எழுந்து நிற்கும். டிடிஆர்5 வகைக்கு அது பெரும்பாலும் 4800. பெட்டியில் அச்சடித்த 6000 வேண்டுமென்றால், கணினி எழும்போது டெலிட் பொத்தானை அழுத்தி பயாஸுக்குள் போய், ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ, இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை நாமே முடுக்கிவிட வேண்டும். அந்தப் பிராசசருக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம் 5200 வரைதான். 6000 என்பது ரேம் தயாரித்தவர் கொடுக்கும் வாக்கு. பிராசசர் தயாரித்தவர் அதற்குப் பொறுப்பில்லை. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எக்ஸ்போவை முடுக்கினோம். திரை கறுத்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பையன் முகமும் கறுத்தது. "மாமா, போச்சா?" என்றான். போகவில்லை. டிடிஆர்5 கணினி புது வேகத்துக்கு மாறும்போது ரேமும் பிராசசரும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ள முதல் தடவை சில நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் சுவிட்சை அணைக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் திரை வந்தது, 6000 என்று காட்டியது. அக்கா பெரிய தட்டில் கச்சான் கொண்டுவந்து வைத்தார். வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

எண் வேறு, பலன் வேறு

இங்கே கொஞ்சம் கணக்கு. இரண்டு ரேம் ஸ்டிக் சரியான துளையில் இருந்தால் ஒரு தடவைக்கு 16 பைட் போய்வரும். 4800 ஐ 16 ஆல் பெருக்கினால் வினாடிக்கு 76.8 ஜிகாபைட். 6000 என்றால் 96 ஜிகாபைட். காகிதத்தில் 25 விழுக்காடு கூடுதல். ஆனால் அவன் அதே திருவிழா வீடியோவை முன்னும் பின்னும் ஏற்றுமதி செய்து பார்த்தபோது, பதினொரு நிமிடம் எடுத்தது பத்தரை நிமிடமானது, அவ்வளவுதான். வீடியோ வேலையில் பெரும்பாரம் பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போகிறது. ரேமின் கூடுதல் வேகம் அங்கே முழுதாகத் தெரியாது.

வாங்கும்போது 6000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சிஎல் என்று இன்னோர் எண் இருக்கும். கேட்ட தகவலை எடுத்துத் தர ரேம் எத்தனை சுற்று காத்திருக்கும் என்பது அது. சிஎல் எண்ணை 2000 ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் நானோவினாடியில் கிடைக்கும். 6000 வேகமும் சிஎல் 30 உம் என்றால் 10 நானோவினாடி. பழைய டிடிஆர்4 இல் 3200 வேகமும் சிஎல் 16 உம் என்றால் அதுவும் 10 நானோவினாடிதான்! 4800 வேகமும் சிஎல் 40 உம் என்றால் 16.7. ஆகவே பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது பாதிக் கணக்கு.

எங்கள் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வாளி நிறைந்திருக்கிறது என்பதற்காக அங்கே யாரும் கூலி போட மாட்டார்கள். கிராணி ஒரு கருவியைப் பாலில் மிதக்க விட்டு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ரப்பர் என்று பார்த்து எழுதுவார். மழை நாளில் வாளி நிறையும், கணக்கு நிறையாது. ரேம் பெட்டி எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாளிதான் ஞாபகம் வரும்.

சாம்பல் நிறப் பட்டை

பத்து நாள் கழித்து மறுபடியும் போன். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

"மாமா, தாத்தா படமெல்லாம் என்னமோ ஆயிருக்கு."

எங்கள் குடும்பத்திலும் உறவிலும் தோட்டத்தில் எடுத்த பழைய படங்கள் கொஞ்சம் உண்டு. தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் இல்லாமல் போன பிறகு, அந்த இடம் எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அவை மட்டும்தான் மிச்சம். வீடு வீடாகப் போய் ஆல்பங்களை இரவல் வாங்கி, 412 படங்களை அவன்தான் ஸ்கேன் செய்தான். பழைய மடிக்கணினியில் இருந்ததைப் புதுக் கணினிக்கு மாற்றி, பழையதை முழுக்கத் துடைத்து, ஐந்தாம் படிவம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான். நல்ல காரியம்தான். ஆனால் வேறெங்கும் நகல் இல்லை.

இப்போது திறந்து பார்த்தால் சில படங்களில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை. சிலவற்றில் நிறம் மாறி, முகங்கள் பக்கவாட்டில் நகர்ந்து கிடந்தன. எண்ணிப் பார்த்தோம், 11 படம். ஹார்ட் டிஸ்கில் கோளாறோ என்று சோதித்தோம், அது சுத்தமாக இருந்தது. கணினி ஒரு தடவைகூட நீலத்திரை காட்டவில்லை. எல்லாம் சரியாக ஓடுவது போலத்தான் இருந்தது.

அக்கா கேட்ட கேள்வி

வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காதான் கேட்டார். "சூட்டுல வச்சுப் பார்த்தீங்களா தம்பி?"

அக்கா ஈப்போவில் ஒரு சிப் தொழிற்சாலையில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பினாங்கில் இன்டெல் 1972 இல் தொழிற்சாலை திறந்த பிறகு அந்தத் தொழில் வடக்கே வேரூன்றியது. ஈப்போவிலும் கார்செம், யூனிசெம் என்று சிப்புகளைப் பொதிந்து சோதிக்கும் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்து வாசலில் பேக்டரி பஸ் வந்து நிற்கும். அம்மா காலையில் மரம் சீவப் போவார், மகள் இரவு ஷிப்டு முடிந்து வந்து இறங்குவாள். பல வீடுகளில் தோட்டத்தை விட்டு வெளியே வந்த முதல் சம்பளம் அந்தப் பஸ்ஸில் போய் வந்ததுதான். ஆனால் அக்கா அங்கே என்ன வேலை செய்தார் என்று இத்தனை ஆண்டில் நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. "ஆப்பரேட்டர் வேலை" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கணினி பற்றி வாராவாரம் எழுதுகிறவனின் லட்சணம் இது.

"எங்க செக்‌ஷன்ல சிப்ப அடுப்புல வைப்போம். நூத்து இருபத்தஞ்சு டிகிரி. மணிக்கணக்கா கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும். சாகுறது அங்கேயே செத்துடும். மிச்சம்தான் வெளிய போகும்" என்றார். "புது சரக்குதான் தம்பி சீக்கிரம் கெட்டுப் போகும். கொஞ்ச நாள் ஓடிட்டா அப்புறம் பல வருசத்துக்கு ஒண்ணும் ஆகாது."

பொறியாளர்கள் இதைக் குளியல் தொட்டி வடிவக் கோடு என்று வரைந்து காட்டுவார்கள். மின்னணுப் பொருள் பழுதாவது தொடக்கத்தில் அதிகம், நடுவில் குறைவு, வயதான பிறகு மறுபடியும் அதிகம். தொழிற்சாலைச் சோதனையில் தப்பியதும் அபூர்வமாக உண்டு. புதுசுதானே, நன்றாகத்தான் இருக்கும் என்று நாம் நினைப்பது அப்படியே தலைகீழ். நான் பையனுக்கு வேகத்தைச் சோதித்துக் காட்டினேன். நம்பலாமா என்று சோதித்துக் காட்டவில்லை.

ஓர் இரவுச் சோதனை

மெம்டெஸ்ட்86 என்ற கருவியை கிறிஸ் பிரேடி என்பவர் 1994 இல் எழுதினார். அதிலிருந்து கிளைத்த மெம்டெஸ்ட்86 பிளஸ் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குப் பதிலாக அதிலிருந்து கணினியை எழுப்ப வேண்டும். எழவில்லை என்றால் பயாஸில் செக்யூர் பூட் என்பதைத் தற்காலிகமாக அணைக்க வேண்டியிருக்கலாம். அதற்கு முன் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸ் அதைக் கேட்டாலும் கேட்கும்.

இந்தக் கருவி ரேமின் ஒவ்வோர் அறையிலும் ஒன்றை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதே வந்ததா என்று பார்க்கும். பிறகு வேறொன்றை எழுதும். இப்படிப் பல வடிவங்களில் முழு ரேமையும் சுற்றி வந்தால் ஒரு பாஸ். நான்கு பாஸ் ஓடினால்தான் ஓரளவு நம்பலாம். 32 ஜிபிக்கு அது ஓர் இரவு வேலை. விண்டோஸிலேயே ஒரு நினைவகச் சோதனை இருக்கிறது, ஆனால் அது மேலோட்டமானது. அதில் தப்பியது மெம்டெஸ்டில் மாட்டும்.

ராத்திரி பத்து மணிக்கு ஓட விட்டோம். அக்கா சொன்னபடி அறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தினோம். முதல் பாஸ் சுத்தம். இரண்டாவதும் சுத்தம். நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். காலை ஐந்தரைக்கு ஒரு படம் வந்தது. மூன்றாம் பாஸில் சிவப்பு வரிகள். எழுதியது ஒன்று, படித்தது ஒன்று. ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு பிட் வித்தியாசம்.

இங்கேதான் முறையாகப் போக வேண்டும். முதலில் எக்ஸ்போவை அணைத்து 4800 வேகத்தில் மறுபடியும் சோதித்தோம். இந்த வேகத்தில் பிழையே வராமல் இருந்திருந்தால், ரேம் நல்லது, 6000 தான் அந்தக் கணினிக்குத் தாங்கவில்லை என்று அர்த்தம். பயாஸைப் புதுப்பித்தோ வேகத்தைக் கொஞ்சம் குறைத்தோ சமாளிக்கலாம். ஆனால் 4800 இலும் பிழை வந்தது, குறைவாக. பிறகு ஒரு ஸ்டிக்கை மட்டும் பூட்டி ஓட்டினோம், சுத்தம். அதே துளையில் மற்றதைப் பூட்டினோம், பிழை. கடைசியாக நல்ல ஸ்டிக்கை இன்னொரு துளையில் பூட்டி, துளையிலும் கோளாறில்லை என்று உறுதி செய்தோம். நான்கு இரவு ஆனது. குற்றவாளி ஒரே ஒரு ஸ்டிக்.

கடைக்குப் போனபோது பையன் சண்டை போடவில்லை. நான்கு படங்களைக் காட்டினான், அவ்வளவுதான். கடைக்காரர் பார்த்துவிட்டு, இரண்டையும் சேர்த்தே உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்தார். ஜோடியாக விற்பதை ஜோடியாகவே மாற்றுவது நல்லது. "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு" என்று போயிருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது.

ஒரு பிட் என்ன செய்யும்?

ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி மின்தேக்கி. அடியில் பொத்தல் விழுந்த பால் மங்கு மாதிரி, அதிலிருந்து மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் டிடிஆர்5 இல் 32 மில்லிவினாடிக்குள் எல்லா மங்கையும் ஒரு சுற்று மறுபடி நிரப்பிவிட வேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். பொத்தல் கொஞ்சம் பெரிதாக இருக்கும் ஒரு மங்கு, அடுத்த சுற்று வருவதற்குள் காலியாகிவிட்டால் ஒன்று பூஜ்ஜியமாகிவிடும். நம் மத்தியான வெயிலில், குளிரூட்டி இல்லாத அறையில் இது இன்னும் சுலபம்.

2003 இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக்கில் நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு இருக்கவே முடியாத அளவில் 4096 ஓட்டு கூடுதலாக விழுந்திருந்தது. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. கணினி நினைவகத்தில் ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்பதுதான் ஆய்ந்தவர்கள் சொன்ன விளக்கம். 2009 இல் வெளியான ஓர் ஆய்வு, கூகிள் சர்வர்களில் இருந்த ரேம் ஸ்டிக்குகளில் 8 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஓராண்டில் ஒரு பிழையாவது காட்டின என்றது. சர்வரில் அந்தப் பிழையைத் திருத்தும் இசிசி ரேம் உண்டு. நம் வீட்டுக் கணினியில் பெரும்பாலும் இல்லை. டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே ஒரு சின்னத் திருத்த ஏற்பாடு இருக்கிறது, உண்மை. ஆனால் சிப்பிலிருந்து பிராசசர் வரை போகும் வழியை அது காவல் காக்காது, பெரிய பழுதையும் அது மறைத்துவிடாது.

ஒரு கோப்பை நகல் எடுக்கும்போது அது ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால், புரண்டதையே டிஸ்க் உண்மை என்று எழுதிக்கொள்ளும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. வீடியோவில் அது ஒரு புள்ளி, கவனிக்க மாட்டோம். ஜேபெக் படத்தில் அந்த இடத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் குலைந்துவிடலாம். கணக்குக் கோப்பில் என்றால்? அலுவலக வேலையையும் அதே கணினியில் செய்யும் அவன் அதை நினைத்துத்தான் அதிகம் பயந்தான்.

நீங்கள் பூட்டினால்

புதுக் கணினியோ, புது ரேமோ எதுவானாலும் இந்த வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்:

1. இரண்டு ஸ்டிக்கை மதர்போர்டு கையேடு சொல்லும் துளையில் பூட்டுங்கள். பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும். பக்கத்தில் பக்கத்தில் பூட்டினால் பாதி அகலம் போய்விடும்.

2. முதலில் எக்ஸ்போ இல்லாமல் ஓர் இரவு மெம்டெஸ்ட். சுத்தமாக வந்த பிறகு எக்ஸ்போவை முடுக்கி இன்னோர் இரவு.

3. ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். "ஒண்ணுதானே" என்று விடாதீர்கள்.

4. இது முடியும்வரை முக்கியமான எதையும் அந்தக் கணினிக்கு மாற்றாதீர்கள். மாற்றிய பிறகும் மூலத்தை உடனே அழிக்காதீர்கள்.

5. நகல் எடுத்த கோப்பு மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க 7-ஜிப் மென்பொருளில் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண் எடுக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் ஒரு பிட்கூட மாறவில்லை.

6. வேகப் பரிசோதனையைக் கடைசியில் வையுங்கள்.

படங்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். 11 இல் 10 படங்களின் அச்சுப்படி உறவினர் வீடுகளில் இருந்தது. மறுபடியும் சுங்கை சிப்புட் போய், சங்கடத்தோடு இரவல் கேட்டு, ஸ்கேன் செய்துவிட்டோம். இப்போது அவை மூன்று இடத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகளை நிற்க வைத்து எடுத்த படம். இரண்டாம் வரிசையில் அக்கா நின்றிருப்பார். அந்த ஆல்பத்தைக் கொடுத்தவர் வீடு மாறிப் போய்விட்டார், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். நம் கையில் இருப்பதில் மேல்பாதி மட்டும் தெளிவு. பள்ளியின் கூரையும் பின்வரிசைத் தலைகளும் தெரிகின்றன. அதற்குக் கீழே சாம்பல்.

அக்கா அதைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. போன வாரம் பையனின் நண்பன் ஒருவன் புதுக் கணினி பூட்ட அதே கூடத்தில் நாளிதழை விரித்தான். அவன் கேஸை மூடுவதற்கு முன்பே அக்கா மெம்டெஸ்ட் பென் டிரைவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டார்.

அடுத்த வாரம்: பழைய மடிக்கணினியைப் பிறருக்குக் கொடுக்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.